நோயுற்ற தாய்க்காக வந்த மகள்: டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார்

வேலூர் என்றதும் நம் புதூர்நாட்டு மக்களின் நினைவுக்கு வருவது கோட்டையன்று, பெரிய ஆஸ்பத்திரிதான். திருப்பத்தூரில் முடியாது என்று சொல்லிவிட்டால் அடுத்த பேச்சு வேலூர் என்பதே. அந்த ஆஸ்பத்திரியை உருவாக்கிய ஐடா ஸ்கடர் அம்மையார் கத்தோலிக்கர் அல்லர். அமெரிக்கப் புராட்டஸ்டாண்டு மிஷனரிக் குடும்பத்தில் உதித்தவர். ஆயினும், ஒருவர் படுக்கையில் விழுந்தால் வீடு முழுவதும் படும் பாட்டைத் தம் வாழ்க்கையிலேயே அனுபவித்து அறிந்தவர் என்பதால், நம் ஜூபிலி மலரில் அவரை நினைவுகூர்வது பொருத்தமாகும்.

1870 டிசம்பர் 9-ஆம் நாள் இராணிப்பேட்டையில் ஐடா பிறந்தார். பாட்டனார் மருத்துவர், தந்தை ஜான் ஸ்கடரும் மருத்துவர். சிறு வயதிலேயே தாது வருஷப் பஞ்சத்தின் கொடுமையைக் கண்ட அச்சிறுமிக்கு இந்நாட்டில் வாழும் ஆசை எழவில்லை. அமெரிக்காவில் படித்து, அங்கேயே குடியமர வேண்டும் என்பதே அவர் எண்ணம்.

1890-இல் தாய் சோபியா அம்மையார் நோயுற்றதால் மகள் திண்டிவனத்துக்கு வர நேர்ந்தது. சில காலம் தாய்க்குத் துணையாக இருந்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்று வந்தவர் அவர். தாயின் படுக்கையருகே அமர்ந்திருப்பது, தாய் பார்த்த வேலைகளைத் தாம் பார்ப்பது, தம் ஆசைகளை ஒத்திவைப்பது என்று, வீட்டில் நோயாளி உள்ள எவருக்கும் தெரிந்த நாட்களாக அவை கழிந்தன.

அப்படியிருக்கையில் ஓர் இரவு மூன்று கணவன்மார் ஒருவர்பின் ஒருவராக வந்து கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மற்றொருவர் உயர்சாதி இந்து. மூவரின் இளம் மனைவியரும் பிரசவ வேதனையில் உயிருக்குப் போராடிக் கொண்டிருந்தனர். மருத்துவம் படிக்காத ஐடா, தம் தந்தையை அழைத்துப் போகும்படி மன்றாடினார். பிற ஆடவர் பெண்ணைத் தொட்டு வைத்தியம் செய்ய அக்கால வழக்கம் இடங்கொடாததால் மூவரும் வெறுங்கையோடு திரும்பினர். பொழுது விடிவதற்குள் அம்மூன்று பெண்களும் இறந்துபோயினர். அக்கணவர்களை அன்பற்றவர்கள் என்று சொல்வதற்கில்லை. அன்பு இல்லாவிடில் நள்ளிரவில் அந்நியர் வீட்டுக் கதவைத் தட்டியிருப்பார்களா? மனைவியை இழக்கவும் மனமில்லை, வழக்கத்தை மீறவும் துணிவில்லை. அந்தத் தவிப்பை ஐடா நேரில் கண்டார். தாயைப் பார்க்க வந்தவர், தாம் மருத்துவராவதென்று அன்றே உறுதி பூண்டார்.

1899-இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1900-இல் வேலூர் வந்து சேர்ந்தார். தந்தையிடம் தொழில் பழகலாம் என்று வந்த மகளுக்கு மற்றொரு சோதனை காத்திருந்தது. அவ்வாண்டிலேயே தந்தை நோயுற்று மரித்தார். கையில் மருத்துவப் பட்டம் இருந்தும் பெற்ற தகப்பனைக் காப்பாற்ற இயலவில்லை. நோயாளியின் பக்கத்தில் ஒன்றும் செய்ய முடியாமல் நிற்பவரின் வேதனை மருத்துவருக்கும் உண்டு என்பதை அவர் அன்று அறிந்தார். எந்தத் தாய்க்காக 1890-இல் கடல் கடந்து வந்தாரோ, அந்தத் தாயோ கணவருக்குப் பின் இருபத்தைந்து ஆண்டுகள், 1925 வரை, மகளுக்கே துணையாக வாழ்ந்தார். பார்க்கப்பட்டவர் பார்ப்பவரானார்!

வேலூர் வீட்டின் ஒரு சிறு அறையில் தொடங்கிய வைத்தியசாலை, 1902-இல் 40 படுக்கைகள் கொண்ட ஆஸ்பத்திரியாயிற்று. அதற்குப் பத்தாயிரம் டாலர் ஈந்த ஷெல் என்னும் செல்வந்தர், தம் காலஞ்சென்ற மனைவி மேரி டேபரின் நினைவாகவே அதைக் கொடுத்தார். வேலூரின் முதல் ஆஸ்பத்திரிக் கட்டிடமே ஒரு கணவனின் துக்கத்தில் எழுந்ததுதான்!

ஆஸ்பத்திரிக்கு வர இயலாதவர்களுக்காக ஐடா அம்மையாரே குடியாத்தம் சாலையில் வாரந்தோறும் வண்டியேறிச் சென்று, மரநிழல்களில் காத்திருந்தோருக்கு மருந்து கொடுத்தார். 1909-இல் செவிலியர் பள்ளியையும், 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் தொடங்கினார். கதவைத் தட்டிய மூன்று பேருக்கும் அவர் அளித்த விடை அதுவே. 1960 மே மாதம் கொடைக்கானலில் மறைந்தபோது அவருக்கு வயது 89.

அதற்கு முன்பே, 1957-இல், அந்நிறுவனத்தின் மனநல மையம் பாகாயத்தில் உருவாகியிருந்தது. நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கியிருந்து சிகிச்சையில் பங்குகொள்வது அங்குள்ள முறை. வீட்டார் தெளிந்தால் நோயாளியும் தேறுவார் என்பது அதன் கருத்து.

அன்பார்ந்தவர்களே! நம் மலையில் ஒருவர் நோயுற்றால் ஒருவர் கூடவே இறங்கிப் போகிறார். சாமைக் கொல்லையும் ஆடுமாடும் பிள்ளைகளும் பின்னே நிற்கின்றன. நோயாளியை விசாரிக்கப் பலர் போகிறோம். பக்கத்தில் உறங்காமல் அமர்ந்திருப்பவர் சாப்பிட்டாரா என்று கேட்பவர் சிலரே. ஒரு வேளைச் சோறு கொண்டுபோய்க் கொடுப்பதும், ஓர் இரவு அவருக்குப் பதிலாகக் கண்விழிப்பதும், அவர் வீட்டு மாட்டை ஒரு நாள் மேய்த்துக் கட்டுவதும் மருந்துக்கு நிகரான உதவிகளே. மருத்துவப் படிப்பு இல்லாத நாமும் இவற்றைச் செய்யலாமல்லவா?