சுரங்கத்துக்குப் போன போதகர் மகன்

காதை அறுத்துக்கொண்ட ஓவியர் யாரென்று கேட்டால், வின்சென்ட் வான்கோ என்று பலரும் சொல்லிவிடுவார்கள். அவர் வரைந்த சூரியகாந்திப் பூவை ஏதாவது ஒரு காலண்டரில் நாமும் பார்த்திருப்போம். ஆனால் அந்தக் கை தூரிகையைப் பிடிக்குமுன் பைபிளைப் பிடித்திருந்தது என்பதும், நிலக்கரித் தொழிலாளிகளின் குடிசைகளில் அவர் ஊழியம் செய்தார் என்பதும் அதிகம் பேசப்படாத சங்கதி. இந்த வாரம் நாம் சொல்லப்போவது அந்தக் கதையைத்தான்.

1853 மார்ச் 30-ஆம் தேதி, ஹாலந்து நாட்டின் தெற்கே சுண்டர்ட் என்னும் கிராமத்தில் வின்சென்ட் பிறந்தார். அப்பா தியோடரஸ், சீர்திருத்தச் சபையின் போதகர். தாத்தாவும் போதகர்தான். சுற்றிலும் கத்தோலிக்கர் நிறைந்த ஊர், ஆகவே போதகரின் சபை சின்னது, வரும்படியும் சின்னது. இந்தப் பிள்ளை பிறப்பதற்குச் சரியாக ஒரு வருஷத்துக்கு முன், அதே மார்ச் 30-ல், அந்தத் தாய்க்கு ஒரு குழந்தை உயிரில்லாமலே பிறந்தது. அதற்கும் வின்சென்ட் என்றுதான் பேர். கோயில் பக்கத்தில் தன் பேர் வெட்டிய கல்லறையைப் பார்த்துக்கொண்டு வளர்ந்த பையன் இவர். பிஞ்சு மனசில் அது என்ன செய்திருக்கும் என்று நாம் யோசித்துப் பார்க்கவேண்டியதுதான்.

பெரியப்பா ஒருவர் படம் விற்கும் கம்பெனியில் பங்குதாரர். அவர் சிபாரிசில் 16 வயதிலேயே வேலை கிடைத்தது. ஹேக், லண்டன், பாரிஸ் என்று கம்பெனி அனுப்பிய ஊரெல்லாம் போனார். நல்ல சம்பளம், நல்ல உடுப்பு. ஆனால் 20 வயதுக்கு மேல் மனம் முழுக்கப் பைபிள் பக்கம் சாய்ந்துவிட்டது. பணக்காரர்களிடம் படத்தைப் புகழ்ந்து விற்க வாய் வரவில்லை. 1875 கிறிஸ்துமஸ் சமயம், வியாபாரம் மும்முரமாக நடக்கும்போது, இவர் பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விட்டார். மறு வருஷம் வேலை போயிற்று.

பிறகு இங்கிலாந்தில் பள்ளிக்கூடத்து வாத்தியார் வேலை. அங்கே 1876-ல், 23 வயதில், ரிச்மண்ட் என்னும் இடத்தில் முதல் பிரசங்கம் செய்தார். நாமெல்லாம் இந்த உலகத்தில் வழிப்போக்கர்கள், துக்கத்திலும் சந்தோஷப்படக் கற்றுக்கொள்ளவேண்டும் என்பதே அதன் சாரம். அடுத்த வருஷம் ஹாலந்தில் டோர்ட்ரெக்ட் ஊரில் ஒரு புத்தகக் கடையில் கணக்குப்பிள்ளை. கடையில் வேலை பார்ப்பதுபோல உட்கார்ந்துகொண்டு, பைபிளை மூன்று நான்கு மொழிகளில் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருப்பார். முதலாளிக்கு எரிச்சல் வராமல் இருக்குமா!

பைபிளின் பழைய ஏற்பாட்டில் தீர்க்கதரிசிகளின் புத்தகங்கள் என்று ஒரு பகுதி உண்டு. வரப்போவதை முன்கூட்டிச் சொன்னவர்கள் அவர்கள். அந்தப் புத்தகங்களை வைத்துக்கொண்டு உலகம் எந்த வருஷம் முடியும் என்று கணக்குப் போடுகிறவர்கள் அந்தக் காலத்திலும் இருந்தார்கள். அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்ற விவசாயியின் கணக்கை நம்பி, 1844 அக்டோபரில் ஆயிரக்கணக்கானவர்கள் இயேசு வருவாரென்று காத்திருந்து ஏமாந்தார்கள். வின்சென்ட் அந்தக் கணக்குக்குப் போகவில்லை. அவரைப் பிடித்துக்கொண்டது வேறு ஒன்று. ஏசாயா என்ற தீர்க்கதரிசியின் 53-ஆம் அதிகாரம்.

அந்த அதிகாரத்தில் ஓர் ஊழியக்காரன் வருகிறான். பார்க்க லட்சணமில்லாதவன், ஜனங்கள் முகம் சுளித்துத் திரும்பிக்கொள்ளும்படியானவன், துக்கத்தோடு பழகியவன். மற்றவர்களுடைய நோவை எல்லாம் தன் தோளில் சுமப்பவன். வாய் திறவாமல் அடி வாங்குபவன். இயேசு பிறப்பதற்குப் பல நூறு வருஷம் முன்பே அவரைப் பற்றிச் சொன்ன வாக்கு இது என்று கிறிஸ்தவர்கள் நம்புகிறார்கள். யூதர்களோ பெரும்பாலும் தங்கள் இனத்தாரே அந்த ஊழியக்காரன் என்று பொருள் கொள்வார்கள். எப்படியானாலும், கஷ்டப்படுகிற ஒருவனைத் தெய்வ காரியத்தின் நடுவிலே வைத்துப் பேசுகிற அதிகாரம் அது.

மகனுக்குப் போதகராகிற ஆசை என்று தெரிந்ததும் குடும்பமே கைகொடுத்தது. 1877-ல் ஆம்ஸ்டர்டாமில் கடற்படை அதிகாரியான இன்னொரு பெரியப்பா வீட்டில் தங்கினார். போதகராக இருந்த உறவினர் ஒருவர் படிப்பை மேற்பார்த்தார். மெண்டஸ் ட கோஸ்டா என்ற இளம் யூத அறிஞர் லத்தீனும் கிரேக்கமும் சொல்லிக்கொடுத்தார். சர்வகலாசாலையில் சேர அந்த இரண்டு மொழியும் வேண்டும். வின்சென்டுக்குப் பொறுமை இல்லை. ஏழைகளுக்கு ஆறுதல் சொல்லப் போகிறவனுக்குக் கிரேக்க இலக்கணம் எதற்கு என்று வாத்தியாரிடமே கேட்டார். பாடம் சரியாக வராத நாளில் தடியால் தன் முதுகிலேயே அடித்துக்கொள்வாராம். ஓராண்டுக்குச் சற்றே கூடுதலாகத் தாக்குப்பிடித்து, 1878-ல் படிப்பை விட்டுவிட்டார். பிரஸ்ஸல்ஸ் பக்கம் ஊழியர் பயிற்சிப் பள்ளியில் மூன்று மாதம் பார்த்தார்கள், அங்கும் தேறவில்லை.

அப்பா விடவில்லை. பிள்ளைக்காக அலைந்து சிபாரிசு பிடித்தார். 1878 டிசம்பரில் பெல்ஜியத்தின் தெற்கே போரினாஜ் என்ற நிலக்கரிப் பிரதேசத்துக்கு வின்சென்ட் போய்ச் சேர்ந்தார். வாஸ்ம் என்னும் ஊரில் 1879 தொடக்கத்தில் ஆறு மாத வேலை கொடுத்தார்கள். சம்பளம் மாதம் 50 பிராங்க்.

அந்த ஊரைக் கொஞ்சம் மனக்கண்ணில் பாருங்கள். மரமெல்லாம் புகையேறிக் கறுப்பு. எங்கே பார்த்தாலும் கரிக்கழிவு மேடு. ஆணும் பெண்ணும் பிள்ளைகளும் இருட்டிலே இறங்கி இருட்டிலே ஏறுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை தவிர சூரியனைப் பார்ப்பதே அபூர்வம். விடியுமுன் பெரட்டுக்குப் போனவர்களுக்கு இது கொஞ்சம் புரியும், ஆனால் நமக்கு வெளிச்சமாவது பிறகு வந்துவிடுகிறதே!

பிரசங்கம் சொல்ல வந்தவர் முதலில் தானும் அந்தக் குழிக்குள் இறங்கிப் பார்க்கவேண்டும் என்றார். மார்காஸ் சுரங்கம், விபத்துக்குப் பேர்போனது. 700 மீட்டர், அதாவது ஏறக்குறைய 2,300 அடி ஆழம். கிணற்றுக்குள் வாளியை விடுவதுபோலக் கூண்டில் இறக்கினார்கள். கீழே போய் அண்ணாந்து பார்த்தால் மேலே பகல் வெளிச்சம் ஒரு நட்சத்திரம் அளவுக்குத்தான் தெரிந்ததாம். சின்னச் சின்னப் பொந்துகளில் ஒவ்வொருவராகக் குனிந்தும் படுத்தும் கரி வெட்டுகிறார்கள், வெட்டிய கரியைப் பிள்ளைகள் வண்டியில் அள்ளுகிறார்கள். அத்தனை ஆழத்தில் ஒரு லாயமும் ஏழெட்டுக் கிழட்டுக் குதிரைகளும் இருந்தன. ஆறு மணி நேரம் உள்ளே இருந்துவிட்டு வந்து, பார்த்ததை எல்லாம் தம்பி தியோவுக்கு எழுதினார். இன்றைக்கும் அந்தக் கடிதம் இருக்கிறது.

அந்த வருஷம் ஏப்ரல் 17-ஆம் தேதி பக்கத்து ஊரான ஃப்ராமரியில், அக்ராப் சுரங்கத்தில் கரியிலிருந்து கசிந்த வாயு தீப்பற்றி வெடித்தது. 121 பேர் செத்தார்கள். உடம்பெல்லாம் வெந்தவர்களை வின்சென்ட் பக்கத்திலிருந்து பார்த்தார். தன்னிடமிருந்த துணிமணியைக் கிழித்து, எண்ணெயில் நனைத்துக் கட்டுப் போட்டார் என்று ஊர்க்காரர்கள் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்கள். விஷ ஜுரம் பரவியபோதும் வீடு வீடாகப் போனார். நல்ல சட்டையைக் கொடுத்தார், சம்பளத்தைக் கொடுத்தார். ரொட்டிக்கடைக்காரர் வீட்டில் கிடைத்த சுகமான அறையை விட்டுவிட்டு, ஒரு குடிசையில் வைக்கோல்மேல் படுத்தார். முகத்தில் கரி ஒட்டினால் கழுவவும் மறுத்துவிட்டார், சுரங்கத்துக்காரனும் இப்படித்தானே இருக்கிறான் என்று. இது கொஞ்சம் அளவு மீறிய காரியம் என்று நமக்கும் படத்தான் செய்கிறது. ஆனால் ஊர்க்காரர்கள் அவரைக் கேலி செய்வதை விட்டுவிட்டார்கள்.

சபையின் மேற்பார்வையாளர் வந்து பார்த்தார். பார்த்ததும் முகம் சுருங்கிப்போயிற்று. கிராணியின் சட்டை கசங்காமல் இருக்கவேண்டும் என்று துரைமார் எதிர்பார்த்ததுபோல, போதகரும் போதகர் மாதிரி இருக்கவேண்டாமா என்பது அவர்கள் எண்ணம். ஜூலையில் ஆறு மாதம் முடிந்ததும் வேலையைப் புதுப்பிக்கவில்லை. சபையின் அறிக்கை ஒரு விசித்திரம். நோயாளிகளையும் காயப்பட்டவர்களையும் இவர் பார்த்துக்கொண்டதை வாயாரப் புகழ்கிறார்கள். இரவெல்லாம் கண் விழித்தார், உடுப்பைக்கூடக் கொடுத்துவிட்டார் என்று எழுதுகிறார்கள். ஆனால் பேச்சுத் திறமை போதாதாம், அதனால் வேண்டாமாம்! வாய் திறவாத ஊழியக்காரனைப் பற்றிய அதிகாரம் அவர்கள் கையிலிருந்த பைபிளிலும் இருந்திருக்கும். நமக்கு ஆறவில்லை.

அதற்குப்பின் ஓராண்டுக்கு மேலாக அதே பிரதேசத்தில் கையில் காசில்லாமல் சுற்றினார். வீட்டாருக்குத் தண்டச்சோறு என்ற வருத்தம். 1880-ல் ஒரு முடிவுக்கு வந்தார். இனி ஓவியம்தான். கரி மூட்டை சுமந்து பனியில் நடக்கிற பெண்களையும், விடியற்காலையில் குழிக்குப் போகிறவர்களையும் வரையத் தொடங்கினார். தியோ மாதாமாதம் பணம் அனுப்பினார். அந்தத் தம்பி இல்லாவிட்டால் வான்கோ இல்லை.

சபைமேல் மட்டும் கசப்பு தீரவில்லை. 1881 கிறிஸ்துமஸ் அன்று கோயிலுக்கு வரமாட்டேன் என்று அப்பாவிடம் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். பெரிய சண்டை. வீட்டை விட்டுப் போ என்றார் போதகர். ஊரார் முன்னால் போதகர் பிள்ளையே கோயிலுக்கு வராவிட்டால் அந்த மனுஷர் என்ன செய்வார்? அப்பா கெட்டவர் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு வருஷம் கழித்து, போக்கிடமில்லாமல் வந்த மகனுக்கு நியூனன் என்ற ஊரில் தன் வீட்டிலேயே இடம் கொடுத்தார். பேச்சு மட்டும் சரிப்படவில்லை. 1885 மார்ச் 26 அன்று வெளியே போய்விட்டு வந்த போதகர் வீட்டு வாசலிலேயே விழுந்து இறந்துபோனார். சமாதானம் ஆகாமலே போயிற்று.

அந்த வசந்த காலத்தில்தான் 'உருளைக்கிழங்கு சாப்பிடுகிறவர்கள்' என்ற படத்தை முடித்தார். ஒரு விளக்கின் அடியில் விவசாயக் குடும்பம் கிழங்கு தின்கிறது. தட்டில் போகிற கையேதான் அந்தக் கிழங்கை மண்ணிலிருந்து தோண்டிய கை என்று தெரியவேண்டும், அதுதான் அவர் விரும்பியது. லட்சணமான முகம் ஒன்றுகூட அதில் இல்லை. அதே வருஷம் ஊர்க் கத்தோலிக்கப் பாதிரியார், வின்சென்ட் படம் வரைய யாரும் உட்காரக்கூடாது என்று தடுத்துவிட்டார்.

அக்டோபரில் ஒருநாள், செத்துப்போன அப்பாவின் பெரிய பைபிளை மேசைமேல் விரித்து வைத்து, ஒரே நாளில் ஒரு படம் வரைந்தார். பக்கத்தில் அணைந்துபோன மெழுகுவர்த்தி. முன்னால், படித்துப் படித்து ஓரம் கிழிந்த சின்ன மஞ்சள் புத்தகம். அது பிரெஞ்சு எழுத்தாளர் எமிலி ஸோலா எழுதிய நாவல். அப்பாவுக்கு அந்த மாதிரிப் புத்தகங்கள் பிடிக்காது. பழசைத் தள்ளிவிட்டுப் புதுசைப் பிடித்துக்கொண்டார் என்று சிலர் இந்தப் படத்துக்குப் பொருள் சொல்கிறார்கள். நமக்கு அப்படித் தோன்றவில்லை. பைபிளில் எழுத்தெல்லாம் வெறும் கீறல்தான், ஆனால் எந்தப் பக்கம் என்பதை மட்டும் படிக்கிற மாதிரி எழுதியிருக்கிறார். ஏசாயா 53. அந்த நாவலின் கதை என்ன? ஓர் அநாதைப் பெண் தன் சொத்தையும் வாழ்வையும் பிறருக்காகக் கொடுத்துத் தீர்ப்பது. பெரிய புத்தகத்தில் சொன்னதும் சின்னப் புத்தகத்தில் சொன்னதும் ஒன்றுதான் என்று செத்த அப்பாவிடம் அவர் சொல்லப் பார்த்தார் என்றே நாம் நினைக்கிறோம். வீட்டில் உட்கார்ந்து பேசியிருந்தால் தீர்ந்திருக்குமோ என்னவோ.

பிறகு நடந்ததெல்லாம் ஊரறிந்தது. 1886-ல் பாரிஸ், 1888-ல் ஆர்ல், அந்த டிசம்பரில் புத்தி கலங்கிக் காதை அறுத்துக்கொண்டது, மறு வருஷம் சான் ரெமி மனநோய் மருத்துவமனை. கோயிலுக்குத் திரும்பவில்லை. ஒலிவத் தோட்டத்தில் இயேசு ஜெபிக்கிற காட்சியை இரண்டு தடவை வரைந்து இரண்டையும் சுரண்டிப்போட்டார். கண்ணால் பார்க்காததை வரைய மனம் ஒப்பவில்லை. ஆனால் நோய் முற்றிய 1890 மே மாதத்தில், பழைய ஓவியர்களின் படத்தைப் பார்த்து இரண்டு பைபிள் காட்சிகளை வரைந்தார். ஒன்று, வழியில் அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கிக் குதிரையில் ஏற்றுகிற சமாரியன். மற்றொன்று, இறந்து எழுந்த லாசரு. அந்த லாசருவுக்குச் சிவப்புத் தாடி, வின்சென்டுக்கு இருந்த மாதிரியே.

அதே மாதம் பாரிஸ் பக்கத்திலுள்ள ஓவேர் கிராமத்துக்குப் போனார். ஜூலை 27-ஆம் தேதி குண்டுக் காயத்தோடு விடுதிக்குத் திரும்பினார். தானே சுட்டுக்கொண்டதாகச் சொன்னார். 29-ஆம் தேதி, தியோ பக்கத்தில் இருக்க, 37 வயதில் உயிர் பிரிந்தது. தன்னைத் தானே மாய்த்துக்கொண்டவருக்குக் கோயிலின் சவவண்டியைத் தரமுடியாது என்று அவ்வூர்ப் பாதிரியார் மறுத்துவிட்டார். பக்கத்து ஊரிலிருந்து வண்டி இரவல் வாங்கினார்கள். பெட்டியைச் சுற்றி மஞ்சள் பூக்களை வைத்தார்கள். ஆறு மாதத்தில், 1891 ஜனவரியில், தியோவும் போய்ச் சேர்ந்தார்.

பைபிளும் மஞ்சள் புத்தகமும் உள்ள அந்தப் படம் இப்போது ஆம்ஸ்டர்டாமில், வான்கோ பேரில் உள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது. லத்தீன் படிக்கப் போய்த் தோற்றுத் திரும்பினாரே, அதே ஊர்தான்.