ஐன்ஸ்டைன் காத்திருந்த ஆண்டுகள்

புதிய நாடொன்றில் குடியுரிமை பெற ஒருவர் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டியுள்ளது. உலகப் புகழ் இருந்தால் அந்தக் காலம் குறையுமா? சார்பியல் கோட்பாட்டைத் தந்த ஆல்பர்ட் ஐன்ஸ்டைனின் வாழ்க்கை இதற்கு விடை சொல்கிறது.

1879 மார்ச் 14ஆம் நாள் ஜெர்மனியின் ஊல்ம் நகரில் பிறந்தவர் அவர். அந்நாட்டில் நிலவிய இராணுவக் கெடுபிடி சிறுவயதிலேயே அவருக்குப் பிடிக்கவில்லை. தந்தையின் தொழில் நொடித்துக் குடும்பம் 1894இல் இத்தாலிக்குக் குடிபெயர்ந்தது. மியூனிக்கில் படித்துக்கொண்டிருந்த ஐன்ஸ்டைனும் அவ்வாண்டு இறுதியில் பள்ளியை விட்டுப் பெற்றோரிடம் சென்றார். கட்டாய இராணுவச் சேவையைத் தவிர்க்க விரும்பிய அவர், 1896 ஜனவரியில் பிறந்த நாட்டின் குடியுரிமையைத் துறந்தார். அப்போது அவருக்கு வயது 16.

அடுத்த ஐந்து ஆண்டுகள் அவர் நாடற்றவர். சூரிக்கில் உயர்கல்வி பயின்றபோது, உறவினர்கள் மாதந்தோறும் அனுப்பிய 100 பிராங்கில்தான் வாழ்க்கை ஓடியது. அதிலும் 20 பிராங்கைத் தனியே எடுத்துவைத்தார். சுவிஸ் குடியுரிமைக் கட்டணத்துக்கான சேமிப்பு அது. 1899 அக்டோபரில் விண்ணப்பித்தார். அவருடைய நடத்தை, பழக்கவழக்கம் எல்லாம் விசாரிக்கப்பட்டன. 1901 பிப்ரவரி 21ஆம் நாள் குடியுரிமை கிடைத்தது. அங்கும் இராணுவச் சேவைக்கான மருத்துவப் பரிசோதனைக்குச் சென்றார். தட்டைப் பாதம் முதலிய காரணங்களால் விலக்கு அளிக்கப்பட்டார்.

குடிமகன் ஆனதால் அரசாங்க வேலைக்கும் வழி பிறந்தது. 1902இல் பெர்ன் நகரின் காப்புரிமை அலுவலகத்தில் சேர்ந்தார். உலகை வியக்க வைத்த 1905ஆம் ஆண்டு ஆய்வுக் கட்டுரைகளை அங்குப் பணியாற்றியபோதுதான் எழுதினார்.

1914இல் பெர்லினுக்குக் குடிபெயர்ந்தார். 1922 நவம்பரில் ஜப்பான் செல்லும் வழியில் சிங்கப்பூரில் இறங்கினார். அடுத்த சில நாள்களில் அவருக்கு நோபெல் பரிசு அறிவிக்கப்பட்டது. உடனே, அவர் எந்த நாட்டவர் என்ற கேள்வி எழுந்தது. பிரஷ்ய அறிவியல் கழகத்தில் பொறுப்பேற்றதால் அவர் ஜெர்மானியரே என்று பெர்லின் வாதிட்டது. அப்படிச் சொந்தம் கொண்டாடிய நாட்டிலேயே பத்து ஆண்டுகள் கழித்து அவருக்கு இடமில்லாமல் போனது. 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். யூதரான ஐன்ஸ்டைன் அப்போது வெளிநாட்டில் இருந்தார். அவ்வாண்டு மார்ச்சில் பெல்ஜியத்தில் தம் ஜெர்மானியக் கடப்பிதழை ஒப்படைத்து, அந்தக் குடியுரிமையை இரண்டாம் முறையாகத் துறந்தார். எனினும் இம்முறை அவர் நாடற்றவர் ஆகவில்லை. மாணவப் பருவத்தில் பணம் சேர்த்துப் பெற்ற சுவிஸ் குடியுரிமை கையில் இருந்தது.

1933 அக்டோபரில் வருகையாளர் விசாவில் அமெரிக்கா சென்று பிரின்ஸ்டனில் தங்கினார். அவருக்குத் தனிச் சலுகையாகக் குடியுரிமை வழங்க 1934இல் நாடாளுமன்றத்தில் முயற்சி நடந்தது. சலுகை வேண்டாமென்று மறுத்துவிட்டு, எல்லாரும் போகும் வழியிலேயே போனார். குடியேறும் விசாவுக்கு வெளிநாட்டிலிருந்துதான் விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. அதற்காகவே 1935 மே மாதம் கப்பலேறிப் பெர்முடா தீவுக்குச் சென்று வந்தார். 1936 ஜனவரியில், குடிமகனாக விரும்புவதாக முறைப்படி அறிவித்தார். நிரந்தரவாசியாக ஐந்து ஆண்டுகள் கழிந்தபின், 1940 ஜூனில் குடியுரிமைத் தேர்வை எதிர்கொண்டார். அக்டோபர் முதல் நாள் டிரென்டன் நகர நீதிமன்றத்தில் மற்றவர்களோடு சேர்ந்து உறுதிமொழி எடுத்தார். அப்போது வயது 61. அமெரிக்க மண்ணில் குடியேறி ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன.

1955 ஏப்ரல் 18ஆம் நாள் இறக்கும்வரை சுவிஸ் குடியுரிமையை அவர் கைவிடவில்லை. நாடற்றிருந்த அந்த ஐந்து ஆண்டுகளை மறந்தவராக அவர் தெரியவில்லை.

மாணவர்களே, 12 வயதில் கைக்கு வரும் அடையாள அட்டையை நம்மில் பலர் பெரிதாக எண்ணுவதில்லை. பிறப்புப் பத்திரத்தில் ஏற்பட்ட குறையால் அந்த அட்டைக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருப்போர் நம் நாட்டிலும் உண்டு. நம்முடன் படிக்கும் ஒருவர்கூட அந்த வரிசையில் இருக்கலாம். அவருக்கு வேண்டியது ஏளனமல்ல. விண்ணப்பத்தை விளங்கிக்கொண்டு நிரப்ப உதவும் ஒரு தோழமை.