ஆனந்த குமாரசுவாமி: மியூசியத்தில் நின்று ஃபேக்டரியைக் கேள்வி கேட்டவர்

எழும்பூர் மியூசியத்தில் வெண்கலச் சிலைகள் இருக்கும் கூடத்துக்குப் போயிருக்கீங்களா? நம்மில் பாதிப் பேர் ஸ்கூல் டூரில் போயிருப்போம். கண்ணாடிக்குள்ள சிலை, கீழே சின்னதா ஒரு அட்டை, அதில் பெயர், ஊர், நூற்றாண்டு. ஒரு போட்டோ எடுத்துட்டு அடுத்த சிலைக்குப் போயிடுவோம். இருபது நிமிஷத்தில் கால் வலிக்க ஆரம்பிச்சிடும்.

அந்த நேரத்தில் யாராவது ஒருத்தர் பக்கத்தில் வந்து, சிலையின் பீடத்தில் இருக்கும் துளைகளைக் காட்டி, இது எதுக்குன்னு கேட்டால் எப்படி இருக்கும்? அதில் கம்பைச் செருகித்தான் சாமியைத் தோளில் தூக்கி வீதி உலா கொண்டு போனார்கள். பட்டும் நகையும் மாலையும் சாத்தி, தீவட்டி வெளிச்சத்தில்தான் ஜனங்கள் அதைப் பார்த்தார்கள். ஒரு நிமிஷம்தான் இந்தப் பேச்சு. ஆனால் அதுக்கப்புறம் அந்தச் சிலை பழைய சிலை இல்லை.

ஒரு பொருள் எதுக்காகச் செய்யப்பட்டது என்ற இந்தக் கேள்வியையே வாழ்க்கையாக எடுத்துக்கொண்ட ஒரு தமிழர் இருந்தார். பெயர் ஆனந்த கெண்டிஷ் குமாரசுவாமி. 1877 ஆகஸ்ட் 22 அன்று கொழும்பில் பிறந்தார். அப்பா சர் முத்து குமாரசுவாமி, யாழ்ப்பாண வேர் கொண்ட தமிழர், இங்கிலாந்தில் பாரிஸ்டர் ஆனவர். பொன்னம்பலம் ராமநாதனும் அருணாசலமும் ஆனந்தாவுக்கு அத்தை மகன்கள். அம்மா எலிசபெத், இங்கிலாந்தின் கெண்ட் பகுதிக்காரர். அந்தக் கெண்ட்தான் மகன் பெயரில் கெண்டிஷ் ஆனது. குழந்தையோடு அம்மா இங்கிலாந்து போயிருந்த நேரத்தில், பின்னாலேயே கிளம்ப இருந்த அப்பா 1879இல் இறந்துவிட்டார். ஆனந்தாவுக்கு இரண்டு வயசு கூட முடியவில்லை. வளர்ந்தது, படித்தது எல்லாம் இங்கிலாந்தில்.

படிச்சது என்னன்னு கேட்டால் நமக்கே ஆச்சரியமா இருக்கும். கலை இல்லை, ஜியாலஜியும் பாட்டனியும். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் 1900இல் டிகிரி முடித்தார். 25 வயசில் இலங்கைக் கனிமவள ஆய்வுத் துறைக்கு முதல் இயக்குநர் ஆனார். காடு மலை சுற்றிக் கல் பொறுக்கும் வேலை. அப்படிப் பொறுக்கியதில் அதுவரை யாருக்கும் தெரியாத ஒரு கறுப்புக் கனிமமும் கிடைத்தது. அதுக்கு தோரியனைட் என்று பெயர் வந்தது. அந்த இலங்கைத் தோரியனைட்டை லண்டன் லேபில் ஆராய்ந்தபோதுதான் 1905இல் ஓட்டோ ஹான் ரேடியோதோரியத்தைக் கண்டுபிடித்தார். பின்னாளில் அணுப்பிளவுக்காக நோபல் வாங்கிய அதே ஹான்தான். குமாரசுவாமி இதே வழியில் போயிருந்தாலே சயின்ஸ் புத்தகத்தில் ஒரு வரி கிடைத்திருக்கும்.

ஆனால் கல் தேடிக் கிராமம் கிராமமாகப் போனவர், அங்கே தச்சர்களையும் கன்னார்களையும் நெசவாளர்களையும் பார்த்தார். சாப்பிடும் கிண்ணத்திலிருந்து சாமி விளக்கு வரைக்கும் கையால் அழகாகச் செய்த அவர்கள், இங்கிலாந்து மில் சரக்கு வந்து இறங்க இறங்க வேலை இழந்துகொண்டிருந்தார்கள். மனைவி எத்தல் கேமராவோடு கூடவே போனார். இருவரும் சேர்த்த விவரங்கள் 1908இல் இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெரிய புத்தகமாக வந்தன. கைத்தொழில் பற்றிய புத்தகத்தை மெஷினில் அடிக்க அவருக்கு மனசில்லை. வில்லியம் மோரிஸ் பயன்படுத்திய கை அச்சு இயந்திரத்திலேயே 425 பிரதிகள் அச்சிட்டார். பிரிந்து போன பிறகு எத்தல், எத்தல் மேரே என்ற பெயரில் இங்கிலாந்தின் முக்கியமான கைத்தறிக் கலைஞர் ஆனார். இயற்கைச் சாயங்கள் பற்றி 1916இல் அவர் எழுதிய புத்தகத்தை நம்ம டெக்ஸ்டைல் டிபார்ட்மெண்ட் பசங்க ஒரு தடவை புரட்டிப் பார்க்கலாம்.

அது சுதேசி இயக்கத்தின் காலம். குமாரசுவாமி சுதேசிக்காரர்தான், ஆனால் கொஞ்சம் சங்கடமான சுதேசிக்காரர். மான்செஸ்டர் மில்லை மூடி அதே மாதிரி மில்லை பம்பாயில் திறந்தால் அது சுதேசியா என்று கேட்டார். முதலாளி மாறினால் மட்டும் போதாது, செய்யும் முறையும் செய்பவன் நிலையும் மாற வேண்டும் என்பது அவர் வாதம். இதையெல்லாம் எழுதிய புத்தகம் 1909இல் வந்தது. காந்தி ஹிந்த் ஸ்வராஜ் எழுதியதும் அதே வருஷம்தான். 1920களில் நம்ம திருப்பூர் கதர் நகரமாகப் பேர் வாங்கியதற்குப் பின்னாலும் இந்த விவாதங்கள் எல்லாம் இருக்கின்றன.

சிதம்பரம் நடராஜர் பற்றிய அவருடைய புகழ்பெற்ற கட்டுரை 1912இல் சென்னையிலிருந்து வந்த சித்தாந்த தீபிகை இதழில் வெளியானது. இன்னைக்கு ஜெனீவா பக்கத்தில் செர்ன் ஆராய்ச்சிக்கூடத்தில் 2004 முதல் ஒரு நடராஜர் சிலை நிற்கிறது. அதன் கீழே இருக்கும் பலகையில் இவர் பெயரும் இருக்கிறது. கதிரியக்கக் கனிமம் கண்டுபிடித்தவரின் பெயர் துகள் இயற்பியல் கூடத்தில் இருக்கிறது, ஆனால் கனிமத்துக்காக இல்லை!

வட இந்தியாவில் சுற்றி ராஜபுத்திர ஓவியங்களை ஏராளமாகச் சேர்த்திருந்தார். காசியில் ஒரு தேசிய மியூசியம் கட்டினால் எல்லாவற்றையும் தந்துவிடுகிறேன் என்றார். பணம் சேரவில்லை, கட்டடம் எழவில்லை. 1917இல் அந்தச் சேகரிப்பு அமெரிக்காவுக்கு, பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்துக்குப் போனது. இந்தியக் கலைப் பிரிவுக்குப் பொறுப்பாளராக அவரும் கூடவே போனார். சாகும் வரை 30 வருஷம் அங்கேதான்.

அவர் போய்ச் சேர்ந்த மியூசியமும் சாதாரண இடம் இல்லை. சிலை முன்னால் நின்று பார்வையாளர்களுக்கு விளக்கம் சொல்ல டோசண்ட் என்று தனியாக ஆட்களை 1907இலேயே ஏற்பாடு செய்த இடம். அதைத் தொடங்கிய பெஞ்சமின் கில்மேன்தான், மியூசியம் சுற்றினால் ஏன் உடம்பு களைத்துப் போகிறது என்பதையும் ஆராய்ந்து 1916இல் எழுதினார். ஒரு ஆளைக் குனிய வைத்து, எட்டிப் பார்க்க வைத்து, போட்டோ எடுத்துக் கட்டுரையில் போட்டார். நம்ம எர்கோனாமிக்ஸ் பாடம்தான்.

குமாரசுவாமி அந்த வழக்கத்தை இன்னும் ஒரு படி மேலே கொண்டு போனார். 1941இல் அமெரிக்க மியூசியக்காரர்கள் மாநாட்டில் நின்று, கலைப் பொருளை எதுக்குக் காட்சிக்கு வைக்கணும் என்றே கேட்டார். அவர் சொன்னதன் சாரம் இதுதான். இங்கே இருக்கும் எதுவும் மியூசியத்துக்காகச் செய்யப்படவில்லை. எல்லாம் ஏதோ ஒரு தேவைக்காகச் செய்த பொருள்கள். அழகா இருக்குன்னு ரசிக்க வைப்பது விளக்கம் சொல்பவர் வேலை இல்லை. இதை யார், எதுக்காக, எந்த அறிவோடு செய்தார் என்று புரிய வைப்பதுதான் வேலை. அப்படிப் புரிந்துகொண்டு வெளியே வருகிறவர் தன் வீட்டையும் தன் ஃபேக்டரியையும் பார்த்து அதே கேள்வியைக் கேட்பார். கேட்கணும். பாஸ்டனைச் சுற்றி லோவெல், லாரன்ஸ் என்று பருத்தி மில் ஊர்கள். அங்கே ஆறு நாள் யோசிக்கவே இடமில்லாத வேலையைச் செய்துவிட்டு ஏழாவது நாள் வந்து கலையைப் பார் என்றால் என்ன நியாயம் என்பதுதான் அவர் கோபம். செய்யும் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு வகையில் கலைஞர், அந்தப் பொறுப்பை அவர்களிடமிருந்து பிடுங்கியது யார் என்று கேட்டார்.

இங்கேதான் நமக்கு உறைக்கிறது. ஐ.வி. போன பனியன் கம்பெனியை நினைச்சுப் பாருங்க. ஒரு டி-ஷர்ட்டுக்கு ஓவர்லாக்கில் ஒருத்தர் தோள் மட்டும், இன்னொருத்தர் கை மட்டும், பேட்லாக்கில் ஒருத்தர் கீழ்மடிப்பு மட்டும். பக்கத்தில் நின்று பீஸ் எடுத்துக் கொடுப்பவர் கைமடி. முழுச் சட்டையைத் தைக்கத் தெரிந்த டெய்லர்கூட அங்கே ஒரு தையலுக்குத்தான் சொந்தக்காரர். நம்ம நோட்டில் டார்கெட்டும் எஃபிஷியன்சியும் எழுதிக்கொண்டு வந்தோம். அந்த அக்காகிட்ட அவங்க கைக்கு என்ன தெரியும்னு ஒருத்தரும் கேட்கலை.

அதுக்காக அவர் சொன்னது எல்லாமே சரி என்று தலையாட்டவும் முடியாது. பழைய கைவினை முறையை மெச்சியபோது, தொழில் பிறப்பால் வரும் அந்தச் சாதி அமைப்பையும் சேர்த்தே மெச்சினார். அதற்குள் யார் கீழே நசுங்கினார்கள் என்பதை அவர் போதுமான அளவு பார்க்கவில்லை. தறிக்குப் பிறந்தவன் தறியிலேயே, பறைக்குப் பிறந்தவன் பறையிலேயே என்பது நம்மில் பலருடைய தாத்தா பாட்டிக்குக் கலை இல்லை, விலங்கு. மானாவாரிக் காடு காய்ந்து பஸ் ஏறி இந்த ஊருக்கு வந்தவர்களுக்கு அந்த மெஷின்தான் சொந்தச் சம்பளம் கொடுத்தது, அந்தச் சம்பளம்தான் நம்மை இந்தக் காலேஜுக்கு அனுப்பியது. அவருடைய கேள்வியை எடுத்துக்கலாம். பதிலை நாமதான் வேற மாதிரி எழுதணும்.

1947 ஆகஸ்ட் 15. அமெரிக்காவில் இருந்தபடியே இந்தியச் சுதந்திரத்தைக் கொண்டாடினார். ஒரு வாரத்தில் 70 வயசு முடிந்தது. ஓய்வு பெற்று இந்தியாவுக்கு வந்துவிடத் திட்டம் போட்டிருந்தார். வர முடியவில்லை. செப்டம்பர் 9 அன்று பாஸ்டன் பக்கத்தில் நீதம் ஊரில் தன் வீட்டுத் தோட்டத்தில் இறந்தார்.

அடுத்த ஐ.வி. வரும்போது ஒன்று செய்யலாம். சூப்பர்வைசர் சொல்வதை எழுதி முடித்த பிறகு, ஏதாவது ஒரு மெஷின் பக்கத்தில் ஐந்து நிமிஷம் நின்று, அங்கே உட்கார்ந்திருப்பவரையே அந்தப் பீஸைப் பற்றிப் பேசச் சொல்லிக் கேட்கலாம். துணி இழுத்துக்கும்போது எப்படித் தெரியும், ஊசி உடையப் போவது எப்படித் தெரியும், முழுச் சட்டையும் தைக்கத் தெரியுமான்னு. சொல்வதை எழுதி நம்ம இதழுக்கு அனுப்புங்க. அட்டையில் இல்லாத விவரம் அங்கேதான் இருக்கிறது.