மணலும் வெயிலும்: பேராசிரியர் நீல் ரத்தன் தர்

நம்மில் பிரயாகைக்குப் போய் வராத குடும்பம் குறைவு. ராமேஸ்வரத்து மணலை எடுத்துக்கொண்டு போய்த் திரிவேணியில் கரைத்துவிட்டு, கங்கா ஜலத்தோடு திரும்புகிறோம். நானும் 2 தடவை போயிருக்கிறேன். அதே ஊரில் மண்ணை வெயிலில் பரப்பி வைத்து ஆயுள் முழுவதும் ஆராய்ந்த ஒரு ரசாயனப் பேராசிரியர் இருந்தார் என்பது இரண்டு தடவையும் நினைவுக்கு வரவில்லை. இத்தனைக்கும் அவர் பெயர் எனக்குத் தெரியும். உத்தியோக நாட்களில் அதைக் கேட்டுச் சிரித்தவன் நான்.

நான் உரத் தொழிற்சாலையில் அமோனியா பிரிவில் வேலை பார்த்தவன். காற்றில் ஐந்தில் நாலு பங்கு நைட்ரஜன்தான். ஆனால் அதன் இரண்டு அணுக்களும் மூன்று பிணைப்பால் இறுகப் பற்றிக்கொண்டிருக்கும். அதைப் பிரித்து ஹைட்ரஜனோடு சேர்க்க, இரும்பு வினையூக்கியின் மேல் 400 டிகிரிக்கு மேல் சூடும், 150 முதல் 200 மடங்கு காற்றழுத்தமும் கொடுப்போம். ஜெர்மனியில் ஹேபரும் பாஷும் கண்ட வழி அது. இதே காரியத்தை வெறும் வெயில் செய்யும் என்று ஒருவர் சொன்னால் எங்களுக்குச் சிரிப்பு வராமல் என்ன செய்யும்?

நீல் ரத்தன் தர் 1892ல் வங்காளத்தில் ஜெஸ்ஸூரில் பிறந்தார். கல்கத்தா பிரசிடென்ஸி கல்லூரியில் ஆசார்ய பிரபுல்ல சந்திர ராயின் சிஷ்யர். 1917ல் லண்டனிலும் 1919ல் பாரிஸிலும் டாக்டர் பட்டங்கள். அந்த வருஷமே அலகாபாத் மியூர் கல்லூரியில் சேர்ந்தார். மேக்நாத் சாஹா 1923ல் அங்கே வந்து சேர்ந்தபோது தர் ஏற்கெனவே ஊன்றிவிட்டவர். 1961ல் ரூர்க்கியில் நடந்த விஞ்ஞான காங்கிரஸுக்குத் தலைவர். குருவைப் போலவே தன் சம்பாத்தியத்தைப் படிப்புக்கே கொடுத்தார். மனைவி ஷீலா பெயரில் மண்ணியல் ஆய்வு நிலையம் ஒன்றையும் அங்கே ஏற்படுத்தினார்.

மண் பக்கம் அவரை இழுத்தது வெளிச்சம்தான். 1931ல் அவரும் மாணவர் கோபால ராவும், அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றுவது பாக்டீரியா மட்டுமல்ல, டைட்டானியம் டை ஆக்ஸைடு போன்ற பொருள்கள் உடனிருந்தால் சூரிய ஒளியும் செய்யும் என்று எழுதினார்கள். அது வரை பலரும் ஒப்புக்கொள்ளக்கூடிய விஷயம். அடுத்த படிதான் வம்பு. உத்தரப் பிரதேசத்தின் களர் நிலங்களைத் திருத்த, சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகை அவர் மண்ணில் கலந்து பார்த்தார். பிற்காலத்தில் வைக்கோல், சாணம், பாஸ்பேட் உள்ள இரும்பாலைக் கசடு எல்லாம் சேர்த்தார். திறந்து வெயிலில் வைத்த மண்ணில் நைட்ரஜன் கூடியது. மூடி வைத்ததில் அந்த அளவு கூடவில்லை. கரிமப் பொருள் ஆக்ஸிஜனோடு மெல்ல எரியும் சக்தியும் ஒளியும் சேர்ந்து காற்றின் நைட்ரஜனைப் பிடிக்கின்றன என்றார். பாக்டீரியாவின் வேலை என்று மறுத்தவர்களுக்கு அவரிடம் பதில் இருந்தது: அஸோடோபாக்டர் எண்ணிக்கை இருட்டு மண்ணில்தான் அதிகம், நைட்ரஜனோ வெளிச்சத்து மண்ணில் அதிகம். இந்தப் பதிலுக்கு இன்றைக்கும் மதிப்பு உண்டு என்றே நினைக்கிறேன்.

ஆனாலும் மண்ணியல் உலகம் அவரைப் பெரும்பாலும் ஏற்கவில்லை. மண்ணில் இருக்கும் மொத்த நைட்ரஜனோடு பார்த்தால் கூடியது சொற்பம். மாடும் மனிதரும் நடமாடும் இடத்தில் காற்றிலேயே அமோனியா உண்டு. அவரோ தயங்காமல் நூற்றுக்கணக்கில் கட்டுரை எழுதிக்கொண்டே போனார். அந்தப் பிடிவாதம் அவருக்கு நன்மையா தீமையா என்று எனக்குத் தீர்மானமாகச் சொல்லத் தெரியவில்லை. சோதனைகளைக் குறைத்து, சந்தேகத்துக்கு இடமில்லாத ஒன்றிரண்டைச் செய்திருக்கலாம் என்று தோன்றுகிறது.

1977ல் கலிபோர்னியாவில் ஷ்ராவ்ஸரும் கத்தும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வீட்டுச் சுவர் பெயிண்டுக்கு வெண்மை தரும் அதே டைட்டானியம் டை ஆக்ஸைடில் துளி இரும்பு சேர்த்து, புற ஊதா ஒளியில், சாதாரண அழுத்தத்தில், நைட்ரஜனும் நீராவியும் கலந்து அமோனியா கிடைத்தது என்றார்கள். ஒளி பட்டதும் அந்தப் பொருளில் எலக்ட்ரான் ஒன்று விடுபட்டு நைட்ரஜனுக்குப் போகிறது. அது விட்ட காலியிடம் நீரிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரிக்கிறது. 1983ல் ஷ்ராவ்ஸர் குழு, கிருமி நீக்கிய பாலைவன மணலிலும் வெளிச்சத்தில் இது நடப்பதாக எழுதியது. ஓய்வுக்குப் பிறகு இதைப் படித்த அன்று, என் பழைய சிரிப்பை நினைத்து எனக்கே கூச்சமாக இருந்தது.

அதற்காகத் தர் ஜெயித்துவிட்டார் என்று நான் எழுத மாட்டேன். இன்றைக்கு உலகெங்கும் எத்தனையோ ஆய்வுக்கூடங்கள் இதில் இறங்கியிருக்கின்றன, கிடைப்பதோ நுண்ணளவு. கையுறை, மூச்சுக்காற்று, பாட்டில் இவற்றில் ஒட்டிய அமோனியாவே விடையாக வந்துவிடும். அதனால் நைட்ரஜனுக்குப் பதில் ஆர்கான் வாயு விட்டும், 15 நிறையுள்ள நைட்ரஜன் ஐசோடோப்பு விட்டும் சரிபார்த்த பிறகுதான் நம்புகிறார்கள். திறந்தவெளி வயலில் தர் கண்ட நைட்ரஜனில் எவ்வளவு ஒளியின் வேலை என்பது அப்படிச் சோதித்தால்தான் தெரியும்.

அந்தப் பாலைவன மணல் கட்டுரை வந்தபோது அவருக்கு 91 வயது. 1986 டிசம்பரில், 95ஐ எட்டச் சில வாரங்கள் இருக்கையில் காலமானார். உத்தியோக நாளில் கட்டுரையைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் சிரித்த நான், இப்போது அவருடைய 1931ம் வருஷத்துக் கட்டுரையிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு வருகிறேன்.