அன்னை மேரி பெத்யூன் அம்மையார்

ஒரு சமூகம் உயர்வதும் தாழ்வதும் அதன் பெண்மக்களது கல்வியைப் பொறுத்தே நிற்கும் என்பதை இப்பத்திரிகையின் வாயிலாகப் பன்முறை எடுத்துரைத்து வந்துள்ளோம். அதனைச் சொல்லால் வற்புறுத்துவதினும், அவ்வாறு வாழ்ந்து காட்டிய ஒருவரது சரித்திரத்தைக் கூறுதல் மிக்க பயன் தருவதாம். ஆதலின், பிறிதொரு நாட்டிற் பிறந்தும் நம்மனோர் யாவரும் அன்னையெனப் போற்றத்தக்க ஓர் அம்மையாரின் வரலாற்றை இம்மாதம் நம் சங்கத்து அன்பர்கள் முன் வைக்கின்றோம்.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென் கரோலைனா மாகாணத்தில் மேஸ்வில் என்னும் சிற்றூரை அடுத்து, 1875-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 10-ஆம் நாள் மேரி பிறந்தார். தந்தையார் சாமுவேல் மெக்லவுட், தாயார் பாட்ஸி. இவ்விருவரும் கறுப்பின மக்கள்; அடிமைகளாகவே பிறந்து, 1865-இல் அடிமை முறை ஒழிந்த பின்னரே விடுதலை பெற்றவர்கள். அவர்களுக்குப் பிறந்த மக்கள் பதினேழு பேர். மேரி பதினைந்தாவது குழந்தை. மூத்த மக்களுட் பலர் அடிமைத்தளையிலேயே பிறந்தனர். விடுதலைக்குப் பின்னும் பாட்ஸி அம்மையார் பழைய எஜமானர் வீட்டில் ஊழியஞ்செய்து சிறுகச் சிறுகப் பொருள் சேர்த்தார். அப்பொருளால் அக்குடும்பத்தார் சிறிது நிலம் வாங்கி, அதிற் பருத்தி விளைத்து வாழ்ந்தனர். அடிமைகளுக்கு எழுத்தறிவித்தல் அம்மாகாணத்தில் முன்பு சட்டப்படி குற்றமாயிருந்தது. ஆதலின் அவ்வீட்டில் ஓரெழுத்தேனும் படிக்க அறிந்தவர் எவரும் இலர்.

மேரி சிறுமியாயிருந்தபோது, துணி வெளுத்துக் கொடுக்கச் சென்ற தாயாருடன் ஒரு வெள்ளையர் வீட்டிற்குச் சென்றார். அங்கே குழந்தைகள் விளையாடும் அறையிற் கிடந்த ஒரு புத்தகத்தைக் கையிலெடுத்தார். உடனே அவ்வீட்டுச் சிறுமி, படிக்கத் தெரியாதவள் புத்தகத்தைத் தொடலாகாது என்று கூறி அதனைக் கீழே வைக்கச் செய்தாள். அச்சொல் அக்குழந்தையின் உள்ளத்தில் ஆறாத புண்ணாயிற்று. எனினும் அப்புண்ணிலிருந்து பகை பிறக்கவில்லை. தாமும் படித்தே தீர்தல் வேண்டும் என்னும் உறுதியே பிறந்தது. இருவர்க்கும் உள்ள வேற்றுமை நிறத்தில் இல்லை, எழுத்தறிவில்தான் இருக்கின்றது என்று அவ்விளம் பருவத்திலேயே அவர் தெளிந்துகொண்டார்.

சில காலத்திற்குள் பிரெஸ்பிட்டேரியன் திருச்சபையார் மேஸ்விலில் கறுப்பினக் குழந்தைகளுக்காக ஒரு பள்ளியைத் திறந்தனர். எம்மா வில்ஸன் என்னும் உபாத்தியாயினி அதனை நடத்தினார். எல்லாக் குழந்தைகளையும் அனுப்பினால் வயல்வேலைக்கு ஆளில்லை. ஒருவரையே அனுப்புதல் கூடும். பெற்றோர் மேரியையே தேர்ந்தெடுத்தனர். அவர் நாள்தோறும் ஐந்து மைல் நடந்து சென்று படித்து, ஐந்து மைல் நடந்து திரும்புவார். பகலிற் கற்றதை இரவில் வீட்டாருக்குக் கற்பிப்பார். தாம் ஒருவர் கற்றது தமக்கு மட்டும் உரியதன்று என்னும் எண்ணம் அந்நாளிலேயே அவரிடம் வேரூன்றியது.

மேற்படிப்புக்குப் பொருளில்லாமல் வயல்வேலைக்கே திரும்பியிருந்த சமயத்தில் எதிர்பாராத உதவி ஒன்று வந்தது. நெடுந்தொலைவிலுள்ள டென்வர் நகரத்தில் தையல் தொழில் செய்து பிழைத்த மேரி கிரிஸ்மன் என்னும் அம்மையார், தாம் மிச்சம் பிடித்த பொருளை ஓர் ஏழைக் கறுப்பினச் சிறுமியின் படிப்புக்கென்று அளிக்க முன்வந்தார். அவ்வுதவி மேரிக்குக் கிடைத்தது. அதனால் 1888 முதல் 1894 வரை வட கரோலைனாவிலுள்ள ஸ்கோஷியா கல்விச்சாலையிற் பயின்றார். அவ்வம்மையார் செல்வரல்லர், ஊசியும் நூலும் கொண்டு பிழைத்தவர். அவர் ஈந்த சிறு பொருள், பின்னர் ஆயிரக்கணக்கான பெண்மக்களுக்கு விளக்காயிற்று. தம்மால் இயன்றது சிறிதே என்று தருமத்தினின்றும் ஒதுங்குவோர் இதனை உன்னிப்பாராக.

பின்னர்ச் சிகாகோ நகரத்தில் மூடி வேதாகமப் பாடசாலையிற் பயின்ற மேரி, ஆப்பிரிக்கா சென்று தொண்டாற்ற விரும்பினார். கறுப்பினத்தவருக்கு அங்கே இடமில்லை என்று சபையார் மறுத்துவிட்டனர். தம் முன்னோர் பிறந்த கண்டத்திற்குத் தாம் தொண்டு செய்யச் செல்லவும் நிறமே தடையாயிற்றே என்று அவர் பெரிதும் வருந்தினார். ஆயினும் ஜார்ஜியா மாகாணத்தில் ஆகஸ்டா நகரில் லூஸி லேனி என்னும் கறுப்பின அம்மையார் நிறுவிய பள்ளியில் உபாத்தியாயினியாகப் பணியாற்றியபோது அவருக்கு ஓர் உண்மை புலனாயிற்று. ஆப்பிரிக்காவில் தேடிய தொண்டு தம் வீட்டு வாயிலிலேயே காத்திருக்கின்றது என்பதே அது.

1898-இல் ஆல்பர்ட்டஸ் பெத்யூன் என்பவரை மணந்தார். மறுவருஷம் ஆல்பர்ட் என்னும் ஆண்குழந்தை பிறந்தது. அவ்வாண்டே புளோரிடா மாகாணத்துப் பாலட்கா நகருக்குச் சென்று, குழந்தையை வளர்த்துக்கொண்டே பள்ளி நடத்தினார். சிறையிலுள்ளோரைக் கண்டு ஆறுதல் கூறினார். காப்புறுதிப் பத்திரம் விற்றுக் குடும்பச் செலவை ஈடுகட்டினார். அக்காலத்தில் புளோரிடாவின் கீழ்க்கரையில் இருப்புப்பாதை அமைக்கும் வேலைக்காகக் கறுப்பினக் கூலியாட்கள் திரளாகக் குடியேறினர். அவர்தம் பெண்குழந்தைகளுக்குப் போதிய பள்ளி இல்லையென்று கேள்வியுற்ற அம்மையார், ஐந்து வயது மகனுடன் டேடோனா நகரை அடைந்தார். அப்போது அவர் கையிலிருந்தது ஒன்றரை டாலரே.

1904-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 3-ஆம் நாள், மாதம் 11 டாலர் வாடகையில் அமர்த்திய ஒரு சிறு வீட்டில், ஐந்து பெண்குழந்தைகளுடன் பள்ளி தொடங்கிற்று. அம்மையாரின் மகனும் அவர்களுடன் அமர்ந்து பயின்றான். பிறர் எறிந்துவிட்ட மரப்பெட்டிகளே பலகைகள். எரிந்த விறகின் கரித்துண்டே எழுதுகோல். காட்டுப்பழச் சாறே மை. மரங்களிற் படர்ந்து தொங்கும் பாசியை உலர்த்தித் திணித்ததே மெத்தை. இரவெல்லாம் சர்க்கரைவள்ளிக் கிழங்குப் பணியாரம் சுட்டு, பகலில் அதனை இருப்புப்பாதைக் கூலியாட்களிடம் விற்று அம்மையார் பள்ளியை நடத்தினார். குழந்தைகள் பெருஞ்செல்வர் தங்கும் விடுதிகளிற் சென்று பாடிப் பொருள் ஈட்டி வந்தனர்.

இடம் போதாமற்போகவே, ஊர்க்குப்பை கொட்டுவதும், நரகக்குழி என்று ஊரார் இகழ்வதுமான ஒரு நிலத்தை விலை பேசி, பணியாரம் விற்ற பணத்தில் 5 டாலரை முன்பணமாகக் கட்டினார். 1907-இல் அக்குப்பைமேட்டின்மீது நம்பிக்கை மண்டபம் என்று பொருள்படும் பெயருடன் ஒரு கட்டிடம் எழுந்தது. சவர்க்காரத் தொழிலிற் பேர்பெற்ற ஜேம்ஸ் காம்பிள் என்னும் வெள்ளைச் செல்வர் பள்ளியைக் காண வந்தபோது, ஒரு குடிசையும் சில பெட்டிகளுமே கண்டு, தர்மகர்த்தாவாக இருக்கத் தம்மை அழைத்த அப்பள்ளி எங்கேயென்று வினவினார். அது தம் உள்ளத்திலும் ஆன்மாவிலும் இருக்கின்றது என்ற கருத்துப்பட அம்மையார் விடையிறுத்தார். அவ்விடையில் உள்ளம் நெகிழ்ந்த செல்வர், பள்ளியின் தர்மகர்த்தர் சபைக்குத் தலைமை தாங்கினார்.

இவ்வளவும் இன்பமாக நடந்தன என்று நினைத்தல் தவறு. 1907-இல் கணவர் குடும்பத்தை விட்டுப் பிரிந்து சொந்த ஊருக்குச் சென்றார், திரும்பவில்லை. ஒரு மகனுக்குத் தந்தையும் தாயுமாக நின்றவர், பல நூறு பெண்களுக்கும் தாயாக நின்றார். ஊர் ஊராகப் பொருள் திரட்டச் சென்ற நாட்களில் பெற்ற மகனைப் பிரிந்திருத்தலும் நேர்ந்தது. பிற்காலத்தில் பேரனைத் தம் மகனாகவே ஏற்று வளர்த்தார். வீட்டுக்கடமையும் ஊர்க்கடமையும் ஒரு பெண்ணின் தோளில் ஒருங்கே ஏறுங்கால் அதன் பாரம் எத்தகையது என்பதை நம் சங்கத்துத் தாய்மார்கள் நாம் சொல்லாமலே அறிவர்.

ஒரு சமயம் பள்ளிப்பெண் ஒருத்திக்குக் குடல்வால் நோய் கண்டு உயிருக்கு ஆபத்தாயிற்று. ஊரிலிருந்த வைத்தியசாலை வெள்ளையருக்கு உரியது. மன்றாடியதன்மேல் சிகிச்சை செய்தனராயினும், மறுநாள் காணச் சென்ற அம்மையார், அப்பெண்ணைப் புறக்கடைத் தாழ்வாரத்திற் கிடத்தியிருக்கக் கண்டார். அவர் அங்கே பூசலிட்டுக் காலங்கழிக்கவில்லை. 1911-இல் தம் மக்களுக்கென இரண்டே படுக்கைகளுடன் ஒரு வைத்தியசாலையைத் திறந்தார். அது நாளடைவில் வளர்ந்து, தாதியருக்குப் பயிற்சியளிக்கும் இடமாகவும் ஆயிற்று.

1920-இல் அந்நாட்டுப் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது. ஆயினும் தலைவரி கட்டாதோரும், எழுத்தறிவுச் சோதனையில் தேறாதோரும் வாக்களிக்க முடியாதபடி தென்மாகாணங்களிற் சட்டமிருந்தது. அம்மையார் சைக்கிளில் வீடு வீடாகச் சென்று வரிப்பணம் திரட்டினார். இரவுப்பள்ளி வைத்து எழுத்தறிவித்தார். இதனாற் சினமுற்ற கு க்ளக்ஸ் க்ளான் என்னும் கொடியோர் கூட்டத்தார், ஒரு தேர்தலுக்கு முந்திய இரவில், முகத்தை மூடிக்கொண்டு ஏறக்குறைய 80 பேர் பள்ளி வளாகத்துட் புகுந்தனர். அம்மையார் வாயிலில் அஞ்சாது நின்றார். மாணவியர் தெய்வப்பாடல்களைப் பாடினர். வந்தவர் கலைந்து சென்றனர். மறுநாள் சுமார் 100 பேர் அம்மையாரைப் பின்தொடர்ந்து சென்று வாக்களித்தனர்.

நம் சங்கத்தார் சிறப்பாகக் கருத வேண்டிய செய்திகள் இரண்டு உண்டு. பொருளுதவிய செல்வருட் பலர், கறுப்பினப் பெண்களுக்குச் சமையலும் தையலும் கற்பித்தாற் போதும் என்று எண்ணினர். அம்மையார் கைத்தொழிலை இகழ்ந்தவரல்லர். ஆயினும் அதனோடு நிற்கவும் உடன்பட்டவரல்லர். கணிதமும் விஞ்ஞானமும் இலக்கியமும் தம் பெண்களுக்கு வேண்டும் என்று நிலைநின்றார். இஃது ஒன்று. அப்பள்ளியில் ஞாயிறுதோறும் நடந்த கூட்டங்களில் வெள்ளையரும் கறுப்பரும் தனித்தனி இடமின்றி ஒருங்கே அமர்ந்தனர். பிரித்து உட்கார வைத்தலே அம்மாகாணத்து வழக்கமாயிருந்த காலத்தில் இது நடந்தது. இஃது இரண்டாவது. தம் இனத்தாருக்காக உழைத்தவர், தம் இனத்தைச் சுற்றி மதிலெழுப்பினாரல்லர்.

1923-இல் அப்பள்ளி, ஆடவர்க்கென ஜாக்ஸன்வில் நகரில் நடந்த குக்மன் கல்விச்சாலையுடன் இணைந்தது; பின்னர் பெத்யூன்-குக்மன் கல்லூரி எனப் பெயர் பெற்று, 2007-இல் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. அம்மையார் 1924 முதல் 1928 வரை கறுப்பின மாதர் சங்கங்களின் தேசீயப் பேரவைக்குத் தலைவியாயிருந்தார். 1935-இல் கறுப்பின மாதர் தேசீய சபையை நிறுவினார். ஜனாதிபதி பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் காலத்தில், தேசீய இளைஞர் நிர்வாகத்திற் கறுப்பினத்தாருக்கான பிரிவை நடத்தினார். மத்திய அரசாங்கத்தில் ஒரு பிரிவுக்குத் தலைமை தாங்கிய முதற் கறுப்பினப் பெண்மணி இவரே. 1945-இல் ஐக்கிய நாடுகள் ஸ்தாபனத்தை அமைத்த ஸான்பிரான்ஸிஸ்கோ மகாநாட்டுக்கு ஆலோசகராகச் சென்றார். அதே நாட்களில் அந்நகரில் இந்தியாவின் விடுதலைக்காக ஸ்ரீமதி விஜயலக்ஷ்மி பண்டிட் வாதாடிக்கொண்டிருந்தார் என்பது நமக்கு நினைக்கத்தக்கது.

தம் முடிவு அணுகியதை உணர்ந்த அம்மையார், தம் மக்களுக்கு ஓர் உயில் எழுதி வைத்தார். அதிற் பொன்னும் பொருளும் இல்லை; அன்பும், நம்பிக்கையும், கல்வி வேட்கையும், இளைஞர்பாற் கடமையுமே அவர் விட்டுச்சென்ற சொத்துக்கள். 1955-ஆம் ஆண்டு மே மாதம் 18-ஆம் நாள், 79-ஆம் வயதில், டேடோனாவில் தம் இல்லத்திற் காலமானார். தாம் வளர்த்த கல்லூரி வளாகத்திலேயே அடக்கஞ் செய்யப்பெற்றார். 2022-இல் வாஷிங்டன் நகரத்துச் சட்டசபை மாளிகையில், புளோரிடா மாகாணத்தின் சார்பாக இவரது சலவைக்கற் சிலை நிறுவப்பெற்றது. அதற்குமுன் அம்மாகாணத்தின் சார்பாக அங்கு நின்றது, அடிமை முறையைக் காக்கப் போர் புரிந்த தரப்பின் தளபதி ஒருவரது சிலையாம். காலம் செய்யும் நீதி தாமதமாகினும் வந்தே தீரும்.

அன்பர்களே, நம்முட் சிலர் பெண்களைப் படிக்கவைக்கப் பொருளில்லை என்கின்றனர். ஒன்றரை டாலருடன் தொடங்கியவரின் சரித்திரத்தை அவர்கட்கு எடுத்துரைப்போமாக. வேறு சிலர் படிப்பு ஓரளவு போதும், பின்னர் மணம் முடித்தலே தக்கது என்கின்றனர். அவ்வளவோடு நிற்க மறுத்தவரின் உறுதியை அவர்கட்கு நினைவூட்டுவோமாக. நம் குலத்தார் நலத்துக்கென்றே கூடியிருக்கும் நாம், அந்நலம் அயலாரை விலக்கி அடைவதன்று என்பதையும் இவ்வம்மையாரிடமே கற்போமாக. எந்தக் குழந்தையின் கையினின்றும் புத்தகம் பறிக்கப்படாத நாளைக் காண உழைப்பதே, அவ்வன்னைக்கு நாம் செலுத்தும் உண்மையான வணக்கமாகும்.