தாயின் கல்லறையில் ஒரு கவிஞர்

ஆங்கிலக் கவிஞர் தாமஸ் கிரேயை நாம் அறிவோம்; அவருடைய தாயை அறிந்தவர் சிலரே. 1716-இல் லண்டனில் பிறந்த கிரே, பன்னிரண்டு மக்களில் பிழைத்த ஒரே பிள்ளை. தந்தையோ கொடுமைக்காரர். தாய் டாரதி, தம் சகோதரி மேரியுடன் தொப்பிக் கடை நடத்தி, அவ்வருவாயில் மகனை ஈட்டன் பள்ளிக்கு அனுப்பினார். எத்துணை உழைப்பு!

கணவர் இறந்தபின் அவ்வன்னை ஸ்டோக் போஜிஸ் என்னும் சிற்றூரில் குடியேறினார். கிரே அங்கு அடிக்கடி வருவார். அவ்வூர்ப் புனித ஜைல்ஸ் ஆலயத்தை ஒட்டிய கல்லறைத் தோட்டத்தில் துயிலும் ஏழை உழவர்களை எண்ணியே அவர் தம் புகழ்பெற்ற இரங்கற்பாவைப் பாடினார் என்பர். 1750-இல் முடித்த அப்பாடலை ஒரு பத்திரிகை அனுமதியின்றி அச்சிட முனைந்ததால், 1751-இல் அவசரமாக வெளியிட்டார்.

1753-இல் தாய் மறைந்தார். பல மக்களைப் பெற்ற அவருக்குப்பின் வாழும் துர்ப்பாக்கியம் ஒருவனுக்கே நேர்ந்தது என்ற பொருளில் மகனே கல்லறை வாசகம் எழுதினார். 1757-இல் தேடி வந்த அரசவைக் கவிஞர் பதவியை அவர் ஏற்கவில்லை.

1771-இல் இறந்த கிரே, தம் விருப்பப்படியே தாயின் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார். கல்லறைத் திருநாளில் பெயர்களைத் தேடித்தேடி மெழுகுவர்த்தி ஏற்றும் நமக்கு வியப்பாயிருக்கும்: அந்தக் கல்லில் அவர் பெயர் இல்லை. எதிரே ஆலயச் சுவரில் பதித்த சிறு கல்தான் அதைச் சொல்கிறது.