குரலை உயர்த்தாமல் உலகைக் கேட்கவைத்தவர்

பேச்சுப் போட்டிக்கும் விவாதத்துக்கும் மாணவர்களைத் தயார்ப்படுத்தும்போது நான் அடிக்கடி காண்பது ஒன்று. உரக்கப் பேசினால் தெளிவாக இருக்கும் என்று பலர் நம்புகிறார்கள். ஒரு வாரம் கத்திப் பயிற்சி செய்துவிட்டு, போட்டி நாளன்று தொண்டை கட்டிக்கொண்டு வருகிறார்கள். அவர்களுக்கு நான் அறிமுகப்படுத்தும் மனிதர் மகாகனம் சீனிவாச சாஸ்திரி.

கும்பகோணத்தை அடுத்த வலங்கைமானில், ஏழைக் குடும்பம் ஒன்றில் 1869ஆம் ஆண்டு பிறந்தவர் சாஸ்திரி. கும்பகோணத்தில் படித்துப் பட்டம் பெற்று ஆசிரியரானார். பின்னர் சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியராக உயர்ந்தார். ஆங்கிலம் அவருக்குத் தாய்மொழி அல்ல. ஆனாலும் ஒரு சொல்லின் பொருளில் எவ்வளவு கவனம் செலுத்தினாரோ, அதே கவனத்தை அதன் உச்சரிப்பிலும் செலுத்தினார். அந்தப் பழக்கம் வகுப்பறையோடு நின்றுவிடவில்லை.

1907ல் ஆசிரியர் பணியை விட்டு, கோபால கிருஷ்ண கோகலேயின் இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்தார். 1915ல் கோகலே மறைந்ததும் அதன் தலைவரானார். 1921ல் லண்டனில் நடந்த பேரரசு மாநாட்டில் இந்தியாவின் பிரதிநிதியாகப் பேசினார். அடுத்த ஆண்டு ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா ஆகிய நாடுகளுக்குச் சென்று, அங்கு குடியேறிய இந்தியர்களுக்குச் சம உரிமை கேட்டார். 1925ல் ஆஸ்திரேலியா தன் மண்ணில் வாழ்ந்த இந்தியர்களுக்கு வாக்குரிமை அளித்தது. 1927ல் தென்னாப்பிரிக்காவில் இந்திய அரசின் முதல் முகவராகப் பொறுப்பேற்றார். இந்திய மாணவர்களுக்காக அவர் முயற்சியில் டர்பனில் எழுந்த கல்லூரி இன்றும் அவர் பெயரைத் தாங்கியுள்ளது.

ஒலிபெருக்கி பரவலாக இல்லாத காலம் அது. ஆனாலும் மேசையைத் தட்டி முழங்குவது சாஸ்திரியின் பாணி அல்ல. மென்மையான, இனிய குரலில் நிதானமாகப் பேசினார். ஆங்கிலேயர்களே அவரை வெள்ளி நாவினர் என்று புகழ்ந்தனர்.

இதன் பின்னணியில் எளிய அறிவியல் இருக்கிறது. நாம் பேசும்போது தொண்டையிலுள்ள குரல்நாண்கள் ஒன்றோடொன்று மோதி அதிர்கின்றன. ஆண்களுக்கு விநாடிக்கு நூறு முறைக்கு மேலும், பெண்களுக்கு ஏறக்குறைய இருநூறு முறையும் இது நிகழ்கிறது. கத்தும்போது மோதலின் வேகம் கூடி, குரல்நாண்கள் வீங்கிக் குரல் கம்முகிறது. கத்துவதால் பேச்சில் பெரிதாவதும் உயிரொலிகள்தான். சொல்லுக்குச் சொல் வேறுபாடு காட்டும் மெய்யொலிகள் அமுங்கிவிடுகின்றன. வால், வாள், வாழ் ஆகிய மூன்றையும் கத்திச் சொல்லிப் பாருங்கள், வேறுபாடு மங்கிவிடும். நாக்கைச் சரியான இடத்தில் வைத்து நிதானமாகச் சொன்னால், கடைசி வரிசையில் இருப்பவருக்கும் அது விளங்கும்.

நம் வட்டாரத்துக்கும் சாஸ்திரிக்கும் தொடர்பு உண்டு. அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த அவர், 1936 இறுதியில் மலாயாவுக்கு வந்தார். தோட்டங்களில் வேலை செய்த இந்தியத் தொழிலாளர்களின் நிலையை ஆராய இந்திய அரசு அவரை அனுப்பியது. அத்தொழிலாளர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். ஆட்சியாளர்களிடம் அவர்களின் மொழியில் வாதாட இத்தொழிலாளர்களால் முடியாது. அவர்களுக்காகப் பேசும் பொறுப்பு சாஸ்திரியிடம் வந்தது.

பொருளியல் மந்தத்தின்போது குறைக்கப்பட்ட கூலியை மீண்டும் பழைய அளவுக்கு உயர்த்த வேண்டும் என்று அவருடைய 1937 அறிக்கை பரிந்துரைத்தது. கங்காணிகள் மூலம் ஆள்சேர்க்கும் முறையையும் அது ஏற்கவில்லை. ஆனால் தொழிலாளர்களின் துன்பத்தை அறிக்கை போதிய அழுத்தத்துடன் சொல்லவில்லை என்று மலாயா இந்தியத் தலைவர்கள் குறைகூறினர். 1938ல் இந்திய அரசு, உதவித்தொகையுடன் தொழிலாளர்கள் மலாயா செல்வதை நிறுத்தியது.

இந்தப் பகுதியை நான் மாணவர்களிடம் மறைப்பதில்லை. குரல் மென்மையாக இருக்கலாம், இருக்கவும் வேண்டும். கருத்து எங்கே உறுதியாக இருக்க வேண்டும் என்பது வேறு கேள்வி. தனக்காகப் பேச முடியாதவருக்காக நாம் பேசும்போது அந்தக் கேள்வி இன்னும் கனமாகிறது. பேச்சுத்திறன் எவ்வளவு இருந்தாலும் அந்தப் பொறுப்பிலிருந்து விலக்கு இல்லை.

சாஸ்திரிக்கு நெடுங்காலம் இதயக் கோளாறு இருந்தது. அப்படியிருந்தும் 1944ல், 70 வயதைத் தாண்டிய பிறகு, சென்னை மயிலாப்பூரில் வால்மீகி ராமாயணம் பற்றி 30 சொற்பொழிவுகள் ஆற்றினார். 1946 ஏப்ரலில் மறைந்தார்.

ஏப்ரல் நமக்குத் தமிழ்மொழி விழா மாதம். மேடை ஏறப்போகும் மாணவர்கள் சிலவற்றை இப்போதே தொடங்கலாம். நாள் முழுவதும் சிறிது சிறிதாகத் தண்ணீர் குடியுங்கள். அடிக்கடி தொண்டையைக் கனைப்பதைத் தவிருங்கள். தேக்கா சந்தையிலும் பேருந்திலும் இரைச்சலை மீறிப் பேச முயலாமல், அருகில் சென்று பேசுங்கள். குரல் கம்மினால் ஓய்வு கொடுங்கள். கிசுகிசுப்பது ஓய்வு ஆகாது, அதுவும் குரலை வருத்தும். கம்மல் மூன்று வாரங்களைத் தாண்டினால் பலதுறை மருந்தகத்துக்குச் செல்லுங்கள்.

தினமும் பத்து நிமிடம் ஒரு செய்தியை வாய்விட்டு, ஆனால் உரக்காமல், படித்துக் கைப்பேசியில் பதிவுசெய்து கேளுங்கள். எந்தச் சொல் மங்குகிறதோ அதை மட்டும் அடிக்கோடிட்டு மறுநாள் திருத்துங்கள்.